மச்சான் விழுங்கிய பூ

இரண்டு வருஷத்துக்கு முன்னர், ஆகஸ்ட் மாதம். சிறுபோக வெட்டு முடிந்து வயல் வட்டைகள் எல்லாம் காய்ந்து கிடந்த நேரம். வவுணதீவுப் பக்கம் ஒரு வயல்காரர் வீட்டுக் கூரையில், காலை வெயில் இன்னும் உச்சிக்கு வராத பொழுதில் நடந்தது இது.

நான் காத்தான்குடிக்காரன். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சின்ன லொறி ஒன்று ஓட்டுகிறேன். கூரையில் பூட்டுகிற சோலார் பனல்களையும், அதைப் பூட்டுகிற ஆட்களையும் வீடு வீடாக ஏற்றி இறக்குவது என் வேலை. அப்படிப் பூட்டுகிற ஆட்களில் ஒருவர்தான் என் மச்சான், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிற அக்காவின் கணவர்.

எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மச்சான் ஓட்டமாவடியிலிருந்து வந்தவர். வந்தபோது எப்படி இருந்தார் தெரியுமா? சேர்ட்டைக் கொடியில் காயப் போட்டதுபோல இருந்தார். காற்றடித்தால் ராத்தா அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாண வீட்டிலேயே நான் சொல்லி, உம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

பிறகு உம்மா வேலையைத் தொடங்கினார். மாப்பிள்ளையின் பீங்கானில் சோறு குறையக் கூடாது, அவ்வளவுதான் உம்மாவின் சட்டம். விடிந்தால் முட்டைக் கோப்பி. பச்சை முட்டையை நுரை வர அடித்து, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கடுங்கோப்பியை ஊற்றிச் சீனி போட்டுக் கலக்குவது. மாப்பிள்ளைக்குத் தெம்பாம். பகலைக்கு ஆற்று நண்டு, இரவைக்குக் கோழி, வெள்ளிக்கிழமை நெய்ச்சோறு. எனக்கு அதே வீட்டில் அதே நாளில் பருப்பும் சம்பலும். நான் கேட்டால், "நீ மாப்பிள்ளையா?" என்பார்.

மச்சான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். பெண் வீட்டில் இருக்கிற மாப்பிள்ளைக்கு அது இலேசில்லை. இங்கே வேண்டாம் என்று சொன்னது பக்கத்து வீட்டுக்குப் போகும்போது, மாப்பிள்ளைக்கு மாமியின் கை பிடிக்கவில்லையாம் என்று போகும். அடுத்த தெருவுக்குப் போகும்போது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சரியில்லையாம் என்று போகும். மச்சானோ வாயைத் திறந்தால் வரி கேட்பார்கள் என்று பயந்த மாதிரி வாழ்கிற மனுஷன். வைத்ததைச் சாப்பிட்டார். ஒரு வருஷத்தில் ஆள் இரண்டு மடங்கானார்.

எனக்கு அது பெருநாள்தான். "மச்சான், நீங்க ஏறக்குள்ள ஏணி அழுகுது, கேக்குதா?" என்பேன். ஒருமுறை அவர் கால் வைத்து ஒரு வீட்டுக் கூரைத் தகடு வெடித்தது. அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, சிரித்தே வயிறு நிரம்பியது. அவரும் சிரிப்பார். கோபிக்கத் தெரியாத ஆள்.

அந்த ஆகஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னர் மச்சானில் ஒரு மாற்றம் தெரிந்தது. வயிறு கொஞ்சம் வற்றியது. ஆனால் இரவில் நித்திரை இல்லை. முகம் எந்நேரமும் வியர்த்திருக்கும். பேசாத மனுஷன் சில நேரம் படபடவென்று பேசுவார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். உம்மா அவருடைய கண்ணைப் பார்த்துவிட்டு, பாவம், வெயிலில் நின்று களைத்துப்போகிறார் என்று முட்டைக் கோப்பியைக் காலையும் பின்னேரமும் ஆக்கினார். கோப்பித் தூளையும் கூட்டினார்.

வவுணதீவு வீட்டுக்கு நாங்கள் இருவர்தான் போனோம். கூட வேலை செய்கிறவர் அன்றைக்கு வரவில்லை. வீட்டோடு நெல் போடுகிற அறையும் சேர்ந்த உயரமான ஓட்டுக் கூரை. மச்சான் மேலே ஏறி அலுமினியச் சட்டம் பூட்டிக்கொண்டிருந்தார். நான் கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தேன், இடையிடையே வாயும் கொடுத்தேன்.

திடீரென்று மேலே சத்தம் நின்றுவிட்டது. பார்த்தால் ஆள் கூரையில் குப்புறப் படுத்திருக்கிறார்.

"மச்சான், பாயும் தலகணியும் தரட்டா?" என்றேன்.

ஆள் அப்படியே கிடந்தார். இத்தனை நாள் நான் செய்த பகிடிக்குத் திருப்பிப் பகிடி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பகிடி செய்யப் பழகிவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷமும் வந்தது. அப்போது அவர் கால் கொஞ்சம் வழுக்கியது. ஒரு ஓடு உருண்டு வந்து என் காலடியில் விழுந்து நொறுங்கியது.

"தம்பி..." என்றார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதே இல்லை, டேய் என்றுதான் கூப்பிடுவார். "கை நடுங்குது. நெஞ்சு குதிரை ஓடுற மாதிரி ஓடுது. கண் இருட்டிக்கிட்டு வருது. இறங்க ஏலாது."

நான் ஏணியைப் பிடித்தேன். அந்த நேரம் ஓடு உடைந்த சத்தம் கேட்டு வீட்டுக்கார வயல்காரர் வெளியே வந்தார். சாரத்தை மடித்துக் கட்டின, கட்டையான மனுஷன். மேலே ஒருதரம் பார்த்தார், என் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"தம்பி, நீ ஏறு. ஏறி அவர்ர கைய இறுக்கிப் புடி. வாய மூடாம கதைச்சிக்கிட்டே இரி. மயங்க உட்டிராத. மறுகா நான் பாத்துக்கிறன்" என்றார்.

ஏறினேன். மச்சானுக்குப் பக்கத்தில் படுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். தோலுக்குள் ஏதோ ஒரு குஞ்சு சிக்கிக்கொண்டு அடித்துக்கொள்வதுபோல நாடி அடித்தது. அவர் சேர்ட் நனைந்து ஒட்டியிருந்தது. அவர் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. எனக்கு என்ன கதைப்பது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே.

"மச்சான், இஞ்ச இரிந்து விழுந்திராதீங்க. ராத்தா அழுவா, அது பரவாயில்ல. உம்மா என்னைச் சும்மா உடமாட்டா. மாப்பிள்ளைக்கு ஆக்கின நண்டையெல்லாம் யாருடா தின்ற எண்டு கேப்பா."

மூச்சு இரைக்க இரைக்க அவர் சிரித்தார். சிரிப்புத்தானா என்று தெரியவில்லை, ஆனால் சத்தம் வந்தது. நான் நிறுத்தவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். 

கீழே ட்ரக்டர் சத்தம். வயல்காரர், மாட்டுக்கென்று வயலிலிருந்து ஏற்றிவந்த வைக்கோல் நிறைந்த இழுவைப் பெட்டியோடு ட்ரக்டரைப் பின்னுக்கு எடுத்து, நாங்கள் படுத்திருந்த பக்கத்துக் கூரை ஓரத்துக்கு நேர் கீழே நிறுத்தினார். மாடு கட்டுகிற கயிற்றோடு ஏறி வந்து மச்சானின் இடுப்பில் சுற்றிக் கட்டினார். "ஒண்டுக்கும் பயப்படாதீங்க. நெல்லு மூட்டை இறக்கின கைதான் இது" என்றார். இரண்டு பேருமாக அவரை மெல்ல மெல்ல வழுக்கவிட்டு வைக்கோலில் இறக்கினோம். வியர்வையில் உடம்பெல்லாம் வைக்கோல் ஒட்டிக்கொண்டு கிடந்தார். அந்தக் கோலத்தை வேறு நாளில் கண்டிருந்தால் நான் போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பியிருப்பேன்.

லொறியில் வயல்காரரும் ஏறிக்கொண்டார். செருப்புக்கூடப் போடவில்லை. மச்சானைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பழைய காப்புறுதிக் கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டே வந்தார். வலையிறவுப் பாலத்தில் வலையோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினேன். ஆஸ்பத்திரியில் மச்சானை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டு அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "கூரைய மறுகா வந்து முடிங்க. அவசரம் ஒண்டுமில்ல. சூரியன் எங்க போகப்போகுது."

நான் போன் பண்ணியதில் உம்மாவும் ராத்தாவும் வந்து சேர்ந்தார்கள். மச்சானின் நெஞ்சில் வயர்களை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த மெசின் அவருடைய இதயம் ஓடுகிற வேகத்தைப் பீப் பீப் என்று சொல்லிக்கொண்டிருந்தது. டொக்டர் ஒரு இளம் பெண், யாழ்ப்பாணப் பேச்சு.

"பிரஷர் நல்லாக் கூடியிருக்கு. நெஞ்சு இப்பிடி அடிக்கிறதுக்கு ஏதோ காரணம் இருக்கு. என்ன எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் எடுக்கல்ல" என்றார் மச்சான்.

"குளிசை, பவுடர், நாட்டு மருந்து?"

"இல்ல."

டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "குறை நினையாதேயுங்கோ. ஐஸ் மாதிரி ஏதும்? தெரியாமல் நான் ஒரு மருந்தைத் தந்தால், உள்ளுக்க இருக்கிறதோட அது மோதும். அதுக்குத்தான் கேக்கிறன்."

ஐஸ் என்ற போதைத்தூள் எங்கள் பக்கம் எத்தனை வீட்டை அழித்தது என்று எல்லாருக்கும் தெரியும். ராத்தாவின் முகத்தில் இரத்தம் இல்லை. உம்மா, "டொக்டர், எங்கட மாப்பிள்ளை பீடிகூடத் தொடாத ஆள்" என்று சொன்னார். ஆனால் சொல்லும்போதே அவர் கண் மச்சானின் முகத்துக்குப் போனது. நித்திரை இல்லாமை, வியர்வை, படபடவென்ற பேச்சு, சுவரைப் பார்க்கிறது... எல்லாம் உம்மாவின் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது எனக்கே தெரிந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். பீப் சத்தம் இன்னும் கூடியது.

எனக்குப் படிப்பு இல்லையே தவிர, முகம் பார்க்கத் தெரியும். உம்மாவை ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணி வாங்கவென்று ராத்தாவோடு கீழே அனுப்பினேன். டொக்டரிடம், கொஞ்ச நேரம் தாங்க, நான் கேட்கிறேன் என்று சாடை காட்டினேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"மச்சான், உண்மையச் சொல்லுங்க. ஐஸ் அடிச்சா நீங்க? அடிச்சிருந்தா எனக்கும் கொஞ்சம் தராம உட்டது பெரிய துரோகம்."

அவர் வாய் சிரிக்கப் போய், கண் அழுதது.

"ட்ரில் பெட்டி" என்றார். "அலகு வைக்கிற தட்டுக்குக் கீழ."

லொறிக்கு ஓடினேன். ட்ரில் அலகுகளுக்குக் கீழே துணியில் சுற்றி ஒரு வெள்ளைப் போத்தல். மேலே ஊதா நிறத்தில் அழகான ஓர்கிட் பூப் படம். இயற்கை மூலிகை, நூறு வீதம் பூவின் சத்து, கொழுப்பை எரிக்கும், உற்சாகம் தரும் என்று தமிழில் ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து.

போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் டொக்டர் அந்த எறும்பு எழுத்தைத்தான் முதலில் வாசித்தார். நான் கேட்டேன், "பூவுதானே டொக்டர், பூ இப்பிடிச் செய்யுமா?"

"பூவில்லை. இந்த ஓர்கிட்டின்ர தண்டில இருந்து எடுக்கிற அல்கலோயிட். கோப்பியில இருக்கிற கஃபீனும் அந்த இனம்தான், புகையிலையில இருக்கிற நிக்கோட்டினும் அந்த இனம்தான். செடியில இருந்து வந்ததெண்டால் சாதுவெண்டு அர்த்தமில்லை. இந்தத் தண்டைச் சீனாக்காரர் காலங்காலமாக் காய்ச்சிக் குடிக்கினம்தான். அது வேற. அதுக்குள்ள இருக்கிற ஒண்டைப் பிரிச்செடுத்து, செறிவாக்கிக் குளிசையில அடைக்கிறது வேற. எவ்வளவு போட்டிருக்கு எண்டு இதில எழுதேல்லை. மனுசருக்கு எவ்வளவு தாங்கும் எண்டும் சரியாத் தெரியாது. கூடப் போனால் வலிப்பும் வரலாம். இதுக்க கஃபீனும் சேர்த்திருக்கு. பூவின்ர பேரைப் போட்டுட்டு வேற ஏதும் கலந்திருக்கோ, அதையும் இந்தப் போத்தலைப் பார்த்து நான் சொல்லேலாது."

பிறகு, "கோப்பி குடிக்கிறவரோ?" என்று கேட்டார்.

நான் உம்மாவின் முட்டைக் கோப்பியைப் பற்றிச் சொன்னேன். காலையும் பின்னேரமும் என்றேன். தூளையும் கூட்டியதைச் சொன்னேன். டொக்டர் மச்சானைப் பார்த்தார். "பாவம் உங்கட நெஞ்சு" என்றார். அதற்குப் பிறகுதான் எந்த மருந்தைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று தாதியிடம் சொன்னார். சேலைன் ஏறியது.

மச்சான் என்னிடம் மெல்லச் சொன்னார். கூரைத் தகடு வெடித்த அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டாராம், இன்னும் கொஞ்ச மாதத்தில் உடம்பு குறையாவிட்டால் கூரைக்கு மெலிந்த ஆளைத்தான் ஏற்றுவேன், நீ கடையில் நின்று சாமான் எடுத்துக் கொடு என்று. கூரை வேலை இல்லையென்றால் மச்சானுக்குக் கையில் வேறு தொழில் இல்லை. உடம்பைக் குறைக்க வேண்டும். ஆனால் சாப்பாட்டைக் குறைத்தால் மாமியின் மனசு நோகும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நேரத்தில்தான் போனில் அந்தப் பூப் படம் வந்திருக்கிறது. சாப்பாட்டை மாற்றத் தேவையில்லை என்று அதில் பெரிதாகப் போட்டிருந்ததாம். மச்சானுக்கென்றே எழுதின மாதிரி.

"எல்லாம் என்ட வாயாலதானா மச்சான்?" என்று கேட்டேன்.

"உன்ட பகிடியா? அது இல்லாட்டி நான் இந்த வீட்டில யாரோட சிரிக்கிற?" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "மாமிக்கு மட்டும் சொல்லாத. அவக்குத் தாங்க ஏலாது. அவட சாப்பாட்ட அழிக்க நான் மருந்து குடிச்ச எண்டு ஆகிரும்."

சொல்லாவிட்டால் அவர்கள் ஐஸ் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். சொன்னால் இவர் என்னை நம்பிச் சொன்னது வீணாகும். எனக்குப் பகிடிவிடத் தெரியும், இதற்கெல்லாம் என்ன செய்வது என்று தெரியாது. முழித்துக்கொண்டு இருக்கும்போதே உம்மா ஃபிளாஸ்க்கோடு வந்துவிட்டார். பின்னால் ராத்தா, அழுது கண் வீங்கி.

உம்மா தேத்தண்ணியை ஊற்றவில்லை. ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மச்சானின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் பாதத்தில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"மகன்" என்றார். "நீங்க எதை எடுத்திருந்தாலும் நீங்க எங்கட புள்ள. ஐஸ் எண்டாலும் சரி. ஊர் என்ன சொன்னாலும் சொல்லிக்கிட்டுப் போகட்டும். டொக்டருக்கிட்ட மறைக்காதீங்க. எங்க கொண்டுபோய் வைத்தியம் செய்யணுமோ, நாம கொண்டுபோய்ச் செய்வம். உங்கள வெளிய போக உடமாட்டன்."

மச்சான் கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"மாமி, ஐஸ் இல்ல" என்றார். "வயிறு குறைய ஒரு பூக் குளிசை குடிச்சன்."

உம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. மச்சான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னார், கூரைத் தகடு, முதலாளி, பீங்கான், கோப்பி, எல்லாம். அந்த மனுஷன் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்லி முடிந்ததும் உம்மா கோபிப்பார் என்று நினைத்தேன். உம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார், பிறகு மூடினார்.

"போடுற எனக்கு எப்ப நிப்பாட்டுற எண்டு யாரும் சொல்லித் தரல்ல, மகன்" என்றார். "நீங்க பீங்கான வழிச்சி வச்சா, இன்னும் பசி இரிக்கி எண்டு நெனச்சன். இவன் எண்டா வாய் திறந்து கேட்டுச் சண்டை புடிப்பான். நீங்க சொல்லாட்டி எனக்கு எப்பிடி வெளங்கும்?"

"நீங்க மனசு நோவீங்க எண்டு..."

"மனசு நொந்தா நாளைக்குச் சரியாகிரும்" என்றார் உம்மா. "நீங்க விழுந்திருந்தா?"

ராத்தா அப்போதுதான் அழுகையும் சிரிப்புமாக முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டார். டொக்டர் எட்டிப் பார்த்து, மெசினின் எண்ணைப் பார்த்து, "குறையுது" என்றார்.

அடுத்த நாள் மச்சானின் நெஞ்சு ஒழுங்குக்கு வந்தது. வார்டில் படுத்துக்கொண்டே அவர் சொன்னார், "டேய், அந்தக் குளிசை வித்த புள்ளைக்கு யாராவது சொல்லணும். இன்னும் எத்தினை பேருக்குக் குடுத்துக்கிட்டு இரிக்கோ."

"சொல்றன். நல்லாச் சொல்றன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று மனசில் வசனமும் எழுதிவிட்டேன். அதில் ஒரு வசனத்தையும் இங்கே எழுத முடியாது. ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார். "நீ தனியப் போனா வாய வச்சிட்டுச் சும்மா இரிக்க மாட்டாய்."

போத்தல் வந்த பார்சலில் இருந்த விலாசம், ஏறாவூரில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தது ராத்தாவின் வயசில் ஒரு பெண். இடுப்பில் குழந்தை. உள்ளே மேசையில் அதே ஊதாப் பூப் போத்தல்கள். போனில் வாங்கிப் போனில் விற்கிற வியாபாரம். நான் மச்சானின் போத்தல் படத்தைக் காட்டி, "இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு தெரியுமா உங்களுக்கு?" என்று தொடங்கினேன்.

"நல்ல சாமான் தம்பி. பூவில இரிந்து எடுக்கிற. நானே குடிக்கிறன்" என்றார்.

அடுத்த வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. ராத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் வைத்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக்குக் கீழே நின்றும் அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது.

"உங்களுக்கு நித்திரை வருதா?" என்று கேட்டார் ராத்தா.

அந்தப் பெண் ராத்தாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவரு கட்டாருக்குப் போனதில இரிந்து நித்திரை இல்ல. நெஞ்சு அடிச்சிக்கிட்டே இரிக்கி. அவர நெனக்கிறதாலதான் எண்டு..."

"குளிசை எப்ப இரிந்து?"

"அவரு போன பொறகுதான். வரக்குள்ள மெலிஞ்சி இரிக்கணும் எண்டு."

சொல்லி முடித்தபிறகுதான் இரண்டையும் சேர்த்து அவருக்கே விளங்கியது போல. குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருக்கிட்டயும் சொல்லல்லயா?" என்றார் ராத்தா.

"எப்பிடிச் சொல்ற? புருஷன நெனச்சி நெஞ்சடிக்குது எண்டா சிரிக்க மாட்டாங்களா?"

நான் சிரிக்கவில்லை. எழுதி வைத்திருந்த வசனமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ராத்தா குழந்தையைத் தூக்கி என்னிடம் தந்துவிட்டு, அந்தப் பெண்ணை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மச்சானுக்கு ஒட்டியதைப் போலவே அவருக்கும் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். குளிசையை நிறுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அவருக்கும் நெஞ்சு அடங்கியது. மிச்சப் போத்தல்களை அவர் தன் கையாலேயே சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தார். வாங்கின எல்லாருக்கும் தன் குரலில் ஒரு செய்தி பதிவு செய்து அனுப்பினார். "இது பூ எண்டு நானும் நம்பினன், குடிக்காதீங்க, நெஞ்சு அடிச்சா டொக்டருக்கிட்டப் போங்க, வெக்கப்படாதீங்க" என்று. அதற்குப் பதிலாக, எனக்கும் இப்படித்தான் இருந்தது என்று பல பேர் எழுதினார்களாம். எல்லாரும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

மச்சான் கொஞ்ச காலம் கீழே நின்று வயர் வேலை பார்த்தார், பிறகு கூரைக்கு ஏறினார். டொக்டர் சொன்னபடி ஆற்றங்கரையோரம் பின்னேரத்தில் நடக்கிறார். வயிறு முழுக்கப் போகவில்லை. அதை வைத்துப் பகிடி செய்வதை நானும் விடவில்லை, அவரும் எதிர்பார்க்கிறார். ஆனால் இப்போதெல்லாம் யாராவது வியர்த்த முகத்தோடு எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், நான் ஒரு பகிடியை விட்டுவிட்டு எழும்பிப் போவதில்லை. அவர் சிரித்து முடித்து உண்மையைச் சொல்லும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.